காட்ட முடியாத ஹெல்மெட்

எங்கள் பிரிவில் அன்புக்கரசியை யாரும் அன்புக்கரசி என்று கூப்பிட்டதில்லை. ‘ஹெல்மெட்டக்கா’ என்றால்தான் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். ராயபுரத்துப் பக்கம் இருக்கிற ஓர் அரசு மருத்துவமனை, பெயர் வேண்டாம். அதில் முகத்தாடை அறுவைப் பிரிவு. வண்டியிலிருந்து விழுந்து மூக்கு, தாடை, கன்னத்து எலும்பு உடைந்தவர்கள் எல்லாம் கடைசியில் எங்களிடம்தான் வந்து சேர்வார்கள். மணலியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் கண்டெய்னர் லாரிகள் வருகிறவரை எங்களுக்கு வேலைக்குப் பஞ்சம் இல்லை.

நான் எத்திராஜ். அதே பிரிவில் பல் அச்சு எடுத்து, அதில் ஜிப்சம் மாவு ஊற்றி, வாயின் மாதிரி வடிவம் செய்து கொடுக்கிறவன். இருபத்தேழு வருஷமாக மாவு பிசைகிறேன். அதனால் நான் யாருக்கும் பயப்படுவதில்லை, என்னையும் யாரும் மதிப்பதில்லை. அன்புக்கரசியின் மேஜை என் அறை வாசலில், தாழ்வாரத்தில் கிடந்தது. மூன்று வருஷம் அவள் கேட்ட கேள்விகளும் அவளுக்குக் கிடைத்த பதில்களும் என் காதில் விழுந்துகொண்டே இருந்தன. எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

அவள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்காரி. நாற்பத்தாறு வயது. கணவர் போன பிறகு ஒரே மகளைப் படிக்க வைக்க எத்தனையோ வேலை பார்த்துவிட்டு, நர்மதா டாக்டரின் ஆராய்ச்சிக்குப் படிவம் நிரப்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தாள். ஞாயிறானால் புத்த விகாரைக்குப் போவாள். மற்ற ஆறு நாளும் உடைந்த முகங்களைப் பார்ப்பாள். நரம்பு சுருண்ட கால். ஒரு மணி நேரம் நின்றால் கணுக்கால் உப்பிவிடும். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், செருப்பை மட்டும் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளுவாள்.

நர்மதா டாக்டர் கோயம்புத்தூர்ப் பக்கம். நல்ல கை, நல்ல மனசு, கொஞ்சம் அவசரம். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: தாடைவரை மூடுகிற முழு ஹெல்மெட் போட்டால் முகம் தப்புகிறதா, இல்லை மண்டையை மட்டும் மூடுகிற பாதி ஹெல்மெட்டே போதுமா? சின்னக் கேள்வி மாதிரித்தான் இருக்கும். பதில் தெரியாமல் ஊரெல்லாம் சட்டம் போடுகிறார்கள், ஹெல்மெட் வாங்கிக் கொடுக்கிறார்கள் என்பார் டாக்டர்.

நாலு பக்கப் படிவம். அதில் பதினாலாவது கேள்வி, விபத்தின்போது தலைக்கவசம் அணிந்திருந்தாரா என்பது. ‘இது போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போகாது, ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று முதலில் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டுவாள். ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ஹெல்மெட் இல்லை என்று எங்காவது எழுதிவிட்டால் நஷ்டஈட்டில் கை வைத்துவிடுவார்கள் என்று கேட்டில் நிற்கிற வக்கீல் ஆட்கள் முதல் நாளே ஓதிவிட்டிருப்பார்கள்.

“போட்டுகினுதான்கா இருந்தாரு. நல்லா எழுதிக்க” என்பார்கள், நெற்றியிலிருந்து தாடைவரை கட்டுப் போட்டவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அன்புக்கரசி எழுதிக்கொள்வாள். அவர்கள் சொல்வதை எழுதுவதுதான் அவள் வேலை. கிருஷ்ணப்பனுக்கும் அப்படித்தான் எழுதினாள்.

கிருஷ்ணப்பன் காத்திவாக்கத்துக் குப்பத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். வலையில் ஒன்றும் படாத மாதங்களில் காசிமேட்டில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் போட்டு, வண்டியில் கட்டி மணலிவரைக்கும் விற்பார். எர்ணாவூர் மேம்பாலம் இறங்குகிற இடத்தில் காலை ஏழு மணிக்கு ஒரு டிரெய்லர் அவரைத் தட்டிவிட்டுப் போனது. கீழ்த்தாடை இரண்டு பக்கமும் காது ஓரத்தில் முறிந்திருந்தது. வாயைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டோம். அவர் மனைவி பச்சையம்மாதான் பதில் சொன்னாள்.

“முழு ஹெல்மெட்டும்மா. மூஞ்சி மொத்தம் மூடிக்கும். கடைக்குப் போனாலும் அத்தப் போட்டுகினுதான் போவாரு.”

படுக்கையில் இருந்தவர் தலையைத் தலையை ஆட்டினார். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கண்ணில் விழுகிறது என்று அவர் ஹெல்மெட் போட ஆரம்பித்தாராம். குப்பத்தில் ‘ஏரோபிளேன் ஓட்டறவரு வராரு’ என்று கிண்டல் செய்வார்களாம். பச்சையம்மா இதையெல்லாம் சொன்னாள். அன்புக்கரசி ‘அணிந்திருந்தார், முழு முகம்’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அங்கேயும் அதே பதில். நான் உள்ளே உட்கார்ந்து சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

இரண்டு வருஷம் ஆனதும் நர்மதா டாக்டர் படிவங்களைக் கூட்டிப் பார்த்தார். பத்தில் ஒன்பது பேர் ஹெல்மெட் போட்டவர்கள். அடுத்த நாளே திருவொற்றியூர் தேரடியில் ஒரு மணி நேரம் நின்று போகிற வண்டிகளை எண்ணினார். பத்துக்கு மூன்று தலையில்தான் ஹெல்மெட் இருந்தது. மற்றவை கண்ணாடியில் தொங்கின, டேங்க் மேல் உட்கார்ந்திருந்தன, முழங்கையில் வளையல் மாதிரிக் கிடந்தன. திரும்பி வந்தவர் முகம் வாடிப்போயிருந்தது.

“எல்லாரும் பொய் சொல்லியிருக்காங்க அன்பு. இந்தப் பேப்பரை வெச்சு நான் என்ன பண்றது? நீங்க வீட்டுக்கு வீடு போகணும். ஹெல்மெட்டைக் காட்டச் சொல்லுங்க. காட்டினா டிக் போடுங்க. காட்டலைன்னா, எழுதினதை அடிச்சுட்டு ‘அணியவில்லை’ன்னு போட்டுக் கையெழுத்து வைங்க. இனிமே வாயால சொல்றது எதுவும் வேண்டாம்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கண்ணால் கண்டதை எழுதுவதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது?

ஏழு மாதம் அலைந்தாள். முன்னூறுக்கு மேல் வீடு. மழை முடிந்து மூன்று வாரமாகியும் சடையங்குப்பத்தில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, படிவத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். எண்ணூர்ப் பக்கம் போய்விட்டு வந்தால் சேலை மடிப்பில் சாம்பல் இருக்கும். மத்தியானம் வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“இன்னாமா, துன்னலையா?” என்பேன்.

“துன்றேண்ணா. கொஞ்சம் இரு, கால்ல உயிரு வரட்டும்.”

வீடுகளில் ஹெல்மெட் எங்கெங்கே இருந்தது என்று கேட்டால் சிரிப்பு வரும். டிவிக்குப் பக்கத்தில், பீரோ மேல், ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமத்தோடு, ஒரு வீட்டில் உள்ளே சின்ன வெங்காயத்தோடு. வெங்காயத்தைக் கொட்டிவிட்டுக் காட்டினார்களாம். பார்த்தாள், டிக் போட்டாள். படிவத்தில் அதற்கு மேல் கேள்வி இல்லை. காட்ட முடியாதவர்கள் ஏதேதோ சொன்னார்கள். அதுவும் எண்ணூர், காத்திவாக்கம், திருவொற்றியூர் குப்பங்களில்தான் காட்டாதவர்கள் அதிகம். “அது இல்லம்மா” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எங்கே போனது என்று கேட்டால், “அதப் பத்திப் பேசாத” என்பார்கள்.

பச்சையம்மாவும் அதையேதான் சொன்னாள்.

“மூஞ்சி மொத்தம் மூடறதுன்னு சொன்னியேம்மா, எங்க அது?” என்று அன்புக்கரசி கேட்டிருக்கிறாள்.

“இல்ல.”

“இல்லன்னா? வித்துட்டியா?”

“விளக்கு வெக்கற வூட்ல அந்தப் பேச்சு எதுக்கு? போட்டுகினு இருந்தாருன்னு சொன்னேன்ல. போ.”

கிருஷ்ணப்பன் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர் எதிரிலேயே அன்புக்கரசி கோடு போட்டு அடித்து, ‘அணியவில்லை, நேரில் சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வெயில், கால் வலி, காலையிலிருந்து ஒன்பதாவது வீடு. அப்போது அவளுக்கு அது இன்னொரு பொய், அவ்வளவுதான்.

டாக்டர் மறுபடியும் கூட்டினார். முடிவு வந்தது. முழு ஹெல்மெட் போட்டவர்களின் முகம்தான் அதிகமாக உடைந்திருந்தது. போடாதவர்களுக்குக் காயம் குறைவு. டாக்டர் இரண்டு முறை சரிபார்த்தார், அதே கணக்குத்தான் வந்தது. முழு ஹெல்மெட்டால் முகத்துக்குப் பயன் இல்லை என்று அறிக்கை எழுத ஆரம்பித்தார். எழுதும்போதே அவருக்கு மனசு ஒப்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் எண்ணை எதிர்த்து யார் பேசுவது?

இதற்கிடையில் கிருஷ்ணப்பனின் வழக்குப் பாரிமுனைக் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. காப்பீட்டு நிறுவனத்து வக்கீல் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து, எங்கள் படிவத்தைக் கோர்ட்டு மூலமாகவே வரவழைத்துவிட்டார். போகாது போகாது என்று மூன்று வருஷம் நாங்கள் படித்துக் காட்டிய காகிதம் ஒரு நாளில் போய்விட்டது. அதில் அன்புக்கரசியின் கையெழுத்தோடு அடித்தல். ‘முதலில் பொய் சொன்னார், பிறகு பிடிபட்டார்’ என்று வக்கீல் வாதாடினாராம். குப்பத்துச் சாட்சிகள் இரண்டு பேர் எதிரிலேயே.

அது நடந்து நாலாம் நாள் காலை கிருஷ்ணப்பனைப் பல் அளவு எடுக்க வரச் சொல்லியிருந்தேன். வாயை இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியாது அவருக்கு. அச்சுத் தட்டை நுழைக்கவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பச்சையம்மா அவரோடு வந்தாள். வாசலில் அன்புக்கரசியைப் பார்த்ததும் நின்றாள்.

“நீதானமே அடிச்ச?”

அன்புக்கரசி எழுந்து நின்றாள். “இன்னாம்மா ஆச்சு?”

“இன்னாம்மா ஆச்சா? கோர்ட்ல வெச்சு பொய்யன்னு சொல்லிட்டான் எங்க ஆள. குப்பத்துல ஏரோபிளேன் ஏரோபிளேன்னு சிரிச்சவனுங்க இப்ப இன்னா சொல்றானுங்க தெரியுமா? ‘கவர்மெண்டே எழுதிக் குட்த்துடுச்சு, நீ சும்மா சீன் போட்டுகினு இருந்த’ன்றானுங்க. மூணு நாளா வூட்ட விட்டு வெளிய வர்ல இவரு. கடலுக்குப் போவ மாட்டேன்றாரு. காசு கெடக்குது கழுத. அவரு சொன்ன சொல்லு பொய்யாப் பூடுச்சே, அதுக்கு இன்னா பண்ணப் போற?”

கிருஷ்ணப்பன் என் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த மனிதருக்கு வாயே இல்லை அன்றைக்கு.

“நான் வந்து கேட்டேனே பச்சையம்மா. காட்டச் சொன்னேன். நீதான் இல்லன்ன” என்றாள் அன்புக்கரசி.

“எப்டி காட்டறது? உள்ள பூரா ரத்தம். ரோட்ல சிந்தின ரத்தத்த வூட்டு வாசல் தாண்டி யாராவது எட்த்துகினு வருவாங்களா? அன்னிக்கே எங்க அண்ணன் எடுத்துகினு போயி, சூடம் கொளுத்தி, முகத்துவாரத்துல உட்டுட்டான். அப்பால அதப் பத்தி வாய் தொறக்கக் கூடாது. தொறந்தா திரும்பி வந்துடும்னு சொல்லுவாங்க. எல்லா வூட்லயும் அப்டித்தான். உனக்குத் தெரியாதா?”

தெரியாது. வியாசர்பாடியிலிருந்து காத்திவாக்கம் எத்தனை தூரம்? ஒரு பஸ் மாறினால் போதும். ஆனால் அவளுக்குத் தெரியாது. வியாசர்பாடிப் பக்கம் கழுவித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொள்வார்கள். எனக்கும் தெரியாது. கோயம்புத்தூர் டாக்டருக்கு எப்படித் தெரியும்? அன்புக்கரசி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவர்கள் போன பிறகு செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளினாள். பிறகு, “எத்திராஜ்ணா, காட்டினாங்களே ஹெல்மெட்டு, அதுல ஒண்ணுலகூடக் கீறல் பாக்கலண்ணா நானு” என்றாள்.

“இன்னா சொல்ற?”

“மூக்கு உடைஞ்சு, பல்லு போயி, கன்னம் உள்ள பூந்தவன் வூட்டு ஹெல்மெட்டு புதுசு மாதிரி கீது. ஒரு வூட்ல உள்ளாற ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கூடக் கிழியல. அத்தப் பாத்து டிக்கு போட்டுகினு வந்திருக்கேன்.”

என் அறையில் நூற்றுப் பத்தொன்பது பேருடைய வாய் மாதிரிகள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் படிவ எண் எழுதியிருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து அவற்றை மேஜை மேல் இரண்டு வரிசையாக அடுக்கினோம். ஹெல்மெட்டைக் காட்டியவர்கள் ஒரு பக்கம், காட்டாதவர்கள் ஒரு பக்கம். காட்டியவர்கள் வரிசையில் மேல்பற்கள் சரிந்து, அண்ணம் பிளந்து, முன்னால் ஓட்டையாகக் கிடந்தன. காட்டாதவர்கள் வரிசையில் பாதிக்கு மேல், மேல்வரிசைப் பற்கள் கலையாமல் இருந்தன. கீழ்த்தாடை மட்டும் ஏறுமாறாக இருந்தது. அதெல்லாம் நான் என் கையால் ஊற்றியது. மூன்று வருஷம் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நானும் பார்த்தேனே தவிர, பார்க்கவில்லை.

நிஜமாகப் போட்டவனிடம் ஹெல்மெட் இல்லை. தண்ணீருக்குப் போய்விட்டது, ரோட்டில் நசுங்கிவிட்டது, ஆம்புலன்ஸில் வெட்டி எறிந்துவிட்டார்கள். போடாமல் வீட்டில் வைத்துவிட்டு வந்தவனிடம்தான் அது பத்திரமாக இருக்கிறது. நாங்கள் பொய் சொன்னவனுக்கு டிக் போட்டு, உண்மை சொன்னவனை அடித்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

மறுபடியும் கிளம்பினாள். இந்தத் தடவை அடித்த வீடுகளுக்கு மட்டும். ஹெல்மெட் எங்கே என்று கேட்கவில்லை. “ரத்தம் பட்டத இன்னா பண்ணீங்க?” என்று கேட்டாள். சில வீடுகளில் வாங்கவே இல்லை என்று ஒத்துக்கொண்டார்கள். குப்பங்களில் முதலில் கதவைச் சாத்தினார்கள். பச்சையம்மாவின் அண்ணன் கோபம் தீராமலேயே கூட வந்து, “சொல்லுங்க, ஒண்ணும் ஆவாது” என்று சொன்ன பிறகு வாய் திறந்தார்கள். அப்படி வாய் திறந்தது நாற்பத்தொரு வீடு. நாற்பத்தொன்றும் தண்ணீரில் விட்டவை.

அதை எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். நானும் கூடப் போனேன், மாவுக் கையோடு. டாக்டர் முழுவதும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“மூணு வருஷம் அன்பு.”

“தெரியும் மேடம்.”

“முதல்ல எழுதினோம். அப்புறம் அடிச்சோம். இப்ப அடிச்சதையும் அடிக்கறோம். இதை யாரு ஆராய்ச்சின்னு ஒத்துப்பாங்க?”

“அது உங்களுக்குத்தான் மேடம் தெரியும். நான் கோர்ட்டுக்குப் போயி சொல்லணும். அவருது தப்பா அடிச்சேன்னு.”

“சொன்னா மொத்தமும் போயிடும். ஒரு படிவம் தப்புன்னா எல்லாப் படிவமும் தப்புன்னுதான் கேப்பாங்க. எழுத்துல உங்க கையெழுத்து இருக்கு. உங்க மேலதான் முதல்ல வரும். அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கா?”

டாக்டர் மிரட்டவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார். அன்புக்கரசிக்கும் அது புரிந்தது. “இருக்கு மேடம்” என்றாள். பிறகு, “நீங்க சொன்னதுக்காக அடிச்சேன்னு சொல்ல மாட்டேன். நான்தான் அடிச்சேன்” என்றாள். டாக்டர் அவளைத் தடுக்கவில்லை. அது ஒன்றுக்காக நான் அவரை இன்னும் மதிக்கிறேன்.

பத்து நாள் கழித்துக் கோர்ட்டு. நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். தாழ்வாரத்தில் நிற்க இடமில்லை. அன்புக்கரசி கூண்டில் ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பயத்தால் அல்ல, கால் வலியால். எதிர்த்தரப்பு வக்கீல் படிவத்தை நீட்டினார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க.”

“அடிச்சது நீங்கதானே?”

“ஆமாங்க. தப்பா அடிச்சிட்டேன்.”

“இதே மாதிரி எத்தனை படிவத்தில தப்பா எழுதியிருக்கீங்க?”

“நெறயங்க. போடாதவங்கள்லாம் போட்டேன்னு சொன்னாங்க, எழுதினேன். போட்டவங்கள அடிச்சேன்.”

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் நீதிபதியைப் பார்த்து, இப்படிப்பட்டவருடைய பேச்சை எப்படி நம்புவது என்றார். நீதிபதி வயதானவர். மூக்கு நுனியில் கண்ணாடி. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“ஏம்மா, எதுக்காக அன்னைக்கு அடிச்சே?”

“ஹெல்மெட்டக் காட்டலைங்கய்யா. அதனால நம்பல.”

“இன்னைக்கு எதுக்காக நம்பறே?”

“அவரு காட்டலைங்கய்யா. அதனாலதான் நம்பறேன்.”

இந்தத் தடவை எல்லாருமே சிரித்துவிட்டார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. விளக்கிச் சொல்லச் சொன்னார். சாம்பல், மீன் பெட்டி, முகத்துவாரம், சூடம், நாற்பத்தொரு வீடு என்று அவள் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு கிருஷ்ணப்பனை எழுப்பி நேரடியாகக் கேட்டார்கள். அவர் அந்த இரண்டு விரல் வாயைத் திறந்து, “போட்டுகினு இருந்தேன்யா” என்றார். எழுத்தர் எழுதிக்கொண்டார். நீதிபதி எங்கள் படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, காயத்தைப் பற்றி டாக்டரே வந்து சொல்லட்டும் என்று வாய்தா போட்டார்.

நர்மதா டாக்டர் போனார். மூக்கும் கன்னமும் தப்பி, தாடை மட்டும் காதோரம் முறிந்திருப்பதைக் காட்டி, ஹெல்மெட்டின் தாடைப் பகுதி அடியை வாங்கினால்தான் இப்படி முறியும் என்று விளக்கினார். பழைய அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிய படிவம் அச்சடித்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவருக்கும் புரிந்துவிட்டது போலிருக்கிறது. அதில் பதினைந்தாவதாக ஒரு கேள்வி, ரத்தம் பட்ட பொருளை என்ன செய்தீர்கள் என்று. அந்தக் கேள்வியைக் கேட்க வேறொரு பெண் வந்தாள். அன்புக்கரசியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ‘பதிவுகளில் திருத்தம் செய்ததை ஒப்புக்கொண்டவர்’ என்று கோப்பில் யாரோ மேலேயிருந்து எழுதிவிட்டார்கள். டாக்டர் இரண்டு முறை போய்ப் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ஊற்றிய மாவு எல்லாம் கட்டி தட்டிப்போனது.

தீர்ப்பு நாளன்று அவள் எந்தச் சம்பளமும் இல்லாத சும்மா அன்புக்கரசியாக வந்திருந்தாள். ஹெல்மெட் அணிந்திருந்தார் என்றே தீர்ப்பு வந்தது. வெளியே வராண்டாவில் குப்பத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் கிருஷ்ணப்பனைச் சூழ்ந்துகொண்டு, அவரை அதுவரை கிண்டலே செய்யாதவர்கள் மாதிரி முதுகில் தட்டினார்கள். பச்சையம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

“எத்தினி வூடு ஏறி எறங்கின நீ?” என்று கேட்டாள்.

“முன்னூறுக்கு மேல இருக்கும்.”

“வேலையும் பூடுச்சாமே.”

“பூடுச்சு.”

“அத்தினி வூடு இன்னாத்துக்கு? அவரு சொன்னாரே, மொத நாளே. அவரு சொன்னது பத்தல இல்ல உங்களுக்கு?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

“பத்தலம்மா. பத்தியிருக்கணும்” என்று அன்புக்கரசி சொல்லிவிட்டு, அந்தக் கோர்ட்டு வராண்டாவிலேயே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மூன்று வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கிருஷ்ணப்பன் கூட்டத்திலிருந்து வந்தார். அவள் கையைப் பிடித்துப் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்காரவைத்தார். பச்சையம்மாவும் உட்கார்ந்தாள். நான் போய் டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.